சங்கரதாசு அடிகள் பிறவாதிருந்தால்...

(நாடகத் தமிழ் விழாப் பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருவரின் பெருமையை அளந்தறிய இரண்டு வழிகள் உள. அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாய் எண்ணிக் காட்டுதல் ஒரு வழி. அவரை வரலாற்றினின்று நீக்கிவிட்டு, எஞ்சுவது யாது என்று பார்த்தல் மற்றொரு வழி. முன்னது பெரும்பாலும் புகழ்ச்சியில் போய் முடியும். பின்னது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், உண்மையில் கொண்டுபோய் நிறுத்தும். ஒரு வீட்டில் நிற்கும் பத்துத் தூண்களுள் எது கூரையைத் தாங்குகிறது, எது அழகுக்கு நிற்கிறது என்பது பார்வைக்குத் தெரிவதில்லை. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தமிழ் நாடக மேடையினின்று சங்கரதாசு அடிகள் என்னும் தூணை இன்று இந்த அவையில் சற்றே எடுத்துப் பார்ப்போமாக. அம் மனிதர் பிறவாதிருந்தால் தமிழ் மேடை எப்படி இருந்திருக்கும்? தமிழர் செவி எப்படி இருந்திருக்கும்?

முதற்கண் அவர் வாழ்வைச் சுருங்கச் சொல்லிவிடல் வேண்டும்; ஏனெனில் அவர் பெயரை அறிந்தார் பலர்; வாழ்வை அறிந்தார் சிலர். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ஆம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரனார் தமிழ் கற்றவர். மகனும் தந்தையிடமே தமிழ் பயின்று, பின் பழனித் தண்டபாணி அடிகளிடம் யாப்பறிந்தார். உப்பளம் ஒன்றில் சில காலம் கணக்கெழுதினார். இருபத்து நான்காம் அகவையில் கணக்கேட்டை மூடி வைத்துவிட்டு நாடகக் குழுவில் புகுந்தார். இரணியன், இராவணன், எமன், காரி ஆகிய அச்சந்தரும் வேடங்களில் நடித்தார், நடித்துக்கொண்டே எழுதினார், எழுதிக்கொண்டே பிறரைப் பயிற்றினார். புதுக்கோட்டையில் கஞ்சிரா வல்லுநர் மான்பூண்டியாப் பிள்ளையின் அரவணைப்பில் இருந்து தாள நுட்பம் பயின்றார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபையையும், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையையும் நிறுவினார். இறுதிக் காலத்தில் வாதநோய் வந்து, ஊரெல்லாம் பாட வைத்த அந்த வாய் பேச இயலாமற் போயிற்று. 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் புதுச்சேரியில் உயிர் நீத்தார். மனைவி இல்லை, மக்கள் இல்லை, வீடு இல்லை, நிலம் இல்லை. மாணாக்கர் இருந்தனர், நாடகங்கள் இருந்தன. அவ்வளவே அவர் வைத்துச் சென்ற செல்வம்.

இனிக் கேள்விக்கு வருவோம்.

1891-ஆம் ஆண்டைச் சற்றே நினைவிற் கொள்ளுங்கள். தமிழ் நாடக வரலாற்றில் அஃது ஒரு வியப்பான ஆண்டு. பேராசிரியர் சுந்தரனாரின் ‘மனோன்மணீயம்’ அச்சேறிய ஆண்டு அதுவே. இற்றைத் தமிழ்த்தாய் வாழ்த்து அந் நூலின் முகப்பில் நிற்கும் பாடலினின்று எடுக்கப்பெற்றது என்பதை அறியாதார் இலர். பம்மல் சம்பந்தனார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய ஆண்டும் அதுவே. இருபத்து நான்கு அகவைச் சங்கரன் உப்பளக் கணக்கை விட்டு நாடகத்துள் நுழைந்த ஆண்டும் ஏறத்தாழ அதுவே ஆகும். ஒரே காலத்தில் மூன்று வாயில்கள் திறந்தன.

முதல் வாயில் வழியே புலவர் நாடகம் வந்தது. அது படிப்பதற்குரியது, ஆசிரியப்பாவில் அமைந்தது, கல்லூரி மாணவர் கையில் தவழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பரிதிமாற்கலைஞர் 1897-இல் ‘நாடகவியல்’ எழுதி நாடகத்துக்கு இலக்கணமும் கண்டார். இரண்டாம் வாயில் வழியே கற்றார் நாடகம் வந்தது. வழக்குரைஞரும் அலுவலரும் மாலையில் கூடி நடிப்பது, உரைநடையில் அமைந்தது, ஆங்கில நாடகத்தின் ஒழுங்கைத் தழுவியது. இரண்டும் போற்றுதற்குரியனவே. இரண்டாலும் தமிழ் வளர்ந்தது. ஆயினும் உழுதுவிட்டு வந்தவனும், நெய்துவிட்டு வந்தவளும், வண்டியோட்டியும், சுமை தூக்குவாரும் அவ்விரு வாயில்களுள்ளும் நுழையவில்லை. நுழைவதற்கு எழுத்தறிவு வேண்டும். அல்லது நகரத்தில் நுழைவுச்சீட்டு வாங்கும் வசதியும் பழக்கமும் வேண்டும்.

அவ் வெளிய மக்களுக்கு அற்றை நாளில் இருந்தவை யாவை? தெருக்கூத்து இருந்தது; அது தமிழரின் பழஞ்சொத்து; ஆயின் நகரம் அதனைப் பழித்து ஒதுக்கியது. பார்சிக் குழுக்கள் வந்தன. திரைச்சீலைகளும் ஒளிவிளக்குகளும் வியத்தகு காட்சிகளும் கொண்டுவந்தன. அவற்றோடு இந்துத்தானி மெட்டுகளும் வந்தன. மராத்தியக் குழுக்கள் தஞ்சையினின்று ஒரு புதிய மேடை முறையைக் காட்டின. தமிழில் நடித்தாரும் இருந்தனர். ஆயின் நடிகர்தம் வாய்க்கு வந்ததைப் பேசினர். பாடல் ஒருவரது, பேச்சு வேறொருவரது என்றிருந்தது. வரையறுத்த உரையாடல் இல்லை. இன்று பேசியதை நாளை பேசார்.

சங்கரதாசு அடிகள் மூன்றாம் வாயிலைத் திறந்தார். பார்சி மேடையின் மெட்டையும் காட்சியையும் அவர் வெறுக்கவில்லை. மெட்டை எடுத்துக்கொண்டு அதனுள் தமிழ்ப் பாட்டை வைத்தார். வெண்பாவும் கலித்துறையும் விருத்தமும் ஒருபுறம். சிந்தும் கும்மியும் கண்ணியும் ஒருபுறம். இடையிடையே திருக்குறட் கருத்தும் நாலடியார்க் கருத்தும் தோய்ந்த உரைநடை. புலவரின் யாப்பும் உழவரின் மெட்டும் ஒரே மேடையில், ஒரே இரவில், ஒரே வாயில் கலந்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, அல்லி அருச்சுனா, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், ஞானசௌந்தரி என்று அவர் எழுதியவை ஏறத்தாழ அறுபத்தெட்டு என்பர். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது அவர் மாணாக்கர் வழிவந்த செய்தி.

அவர் பிறவாதிருந்தால் இந்த மூன்றாம் வாயில் திறந்திராது என்று சொல்லிவிட முடியுமா? சிலர் மறுப்பர். “காலம் கனிந்திருந்தது, இவர் இல்லாவிடின் இன்னொருவர் வந்திருப்பார்” என்பர். அதனை எளிதில் தள்ளிவிடக் கூடாது. அற்றை நாளில் நாடகம் எழுதினார் பலர் உண்டு. தொன்மக் கதைகளை மேடையேற்ற வேறொருவர் கட்டாயம் வந்திருப்பார். வள்ளியின் கதையும் நல்லதங்காள் கதையும் எப்படியும் மேடைக்கு வந்திருக்கும். ஆகவே கதைகளை அவர் தந்த கொடை என்று சொல்லுதல் பொருந்தாது.

அப்படியாயின் அவர் தந்தது யாது? அதனைக் காண மதுரைப் பக்கமோ, புதுக்கோட்டைப் பக்கமோ, திண்டுக்கல் பக்கமோ ஒரு சிற்றூர்த் திருவிழாவுக்குச் செல்லல் வேண்டும். ஊரார் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று வழங்கும் இசைநாடகம் அங்கு நிகழும். அரச வேடம் பூணுவார் ஓரூரினின்று வருவார். பெண் வேடம் பூணுவார் வேறோர் ஊரினின்று வருவார். பபூன் ஓரூர், ஆர்மோனியம் இசைப்பார் ஓரூர், முழவு கொட்டுவார் மற்றோரூர். அவர்கள் ஒரே குழுவினர் அல்லர். முன்கூட்டி ஒருநாளும் ஒத்திகை பார்த்தவரும் அல்லர். அன்று மாலை ஒப்பனைக் கொட்டகையில்தான் ஒருவரையொருவர் காண்பர். இரவு பத்து மணிக்குத் திரை விலகும். விடியும் வரை ‘வள்ளி திருமணம்’ நடக்கும். நாரதரும் வள்ளியும் பாட்டுக்குப் பாட்டு எதிர்வாதம் புரிவர். ஒரு சொல்லும் தடுமாறாது.

இஃது எங்ஙனம் இயல்கிறது? எல்லாரும் கற்றது ஒரே பாடம் என்பதால் இயல்கிறது. அடிகள் எழுதிய நாடகம் ஊர்தோறும் நடிகர்தோறும் நெஞ்சில் பதிந்து கிடக்கிறது. அந்தப் பொதுப்பாடம் உள்ளமையால்தான் குழு இல்லாத நடிகனும் பிழைக்கிறான். முதலாளி இல்லாத மேடையும் நிகழ்கிறது. பொருள் மிகுதியில்லாத சிற்றூரும் ஓரிரவு நாடகம் காண்கிறது. மறைந்து நூறாண்டு கடந்தபின்னும் அரங்கில் ஓர் ஆசிரியரின் சொல் இங்ஙனம் நின்று வேலை செய்வது எளிய செய்தியன்று. அவரை எடுத்துவிடின், கதை இருக்கும், பொதுப்பாடம் இராது. பொதுப்பாடம் இல்லையேல் தனித்தனி முதலாளிகளின் குழுக்கள் இருந்திருக்கும்; முதலாளி நொடித்தால் நாடகமும் நொடித்திருக்கும். தூணை எடுத்தவுடன் முதலில் சரியும் கூரை இதுவே.

இரண்டாவதாகச் சரிவது ஒரு பள்ளி.

வளர்ந்த நடிகரிடம் ஒழுங்கு குன்றியது கண்டு சிறுவரைக் கொண்டு நாடகம் பயிற்றும் முறையை அடிகள் மேற்கொண்டார். 1918-இல் மதுரையில் அவர் குழுவிற் சேர்ந்த சிறுவருள் ஒருவனுக்கு அகவை ஆறு. அவனே பின்னாளில் ஔவையாராக நடித்து ‘ஔவை’ சண்முகம் எனப் பெயர் பெற்றவர். சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய உடன்பிறந்தார் அங்குப் பயின்றனர். இளையவர் பகவதியும் பின்னர் அவர்களோடு இணைந்தார். 1925-இல் அவர்கள் தனிக்குழு கண்டனர். அக் குழுவில் வளர்ந்தவர் கலைவாணர் கிருட்டிணன். அக் குழுவில் வளர்ந்தவர் இராமசாமி; அவரே பின் தனிக்குழு அமைத்து அறிஞர் அண்ணாவின் ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ நாடகங்களை மேடையேற்றினார். அடிகளின் முந்தைய குழுவில் பயின்றவர் இசைமேதை கிட்டப்பா. அவரும் சுந்தராம்பாளும் இணைந்து பாடிய ‘வள்ளி திருமண’த்தைக் கேட்கத் தமிழகமும் ஈழமும் திரண்டன.

வேறு பல சிறுவர் குழுக்களும் தோன்றின. அவை அடிகளின் குழுக்கள் அல்ல. ஆயின் அதே அச்சில் வார்க்கப்பெற்றவை. அவர் நாடகங்களையே பெரிதும் ஆடியவை. பிற்காலத்தில் திரையில் முடிசூடிய இருவரும், ஒருவர் கோட்டையிலும் அரசாண்டவர், அத்தகைய சிறுவர் குழுக்களில் சோறுண்டு, அடியுண்டு, தமிழ் உச்சரிப்புப் பயின்றவர்களே.

1931-இல் தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாசு’ வெளிவந்தபோது, மேடையில் பயின்ற நடிகை தமிழில் பேசினார். கதைத்தலைவன் தெலுங்கில் பேசினார். ஒரே படத்தில் பல மொழி. தமிழ்த் திரை தன் தாய்மொழியைக் கண்டறியாது தடுமாறிய நிலை அது. அந் நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. ஏன்? தெளிவாகத் தமிழ் பேசவும், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தமிழ் பாடவும் வல்ல நூற்றுக்கணக்கானோரை நாடகக் குழுக்கள் முன்பே உருவாக்கி வைத்திருந்தன. 1934-இல் வந்த ‘பவளக்கொடி’ வாயிலாகத் தியாகராசர் திரைக்கு வந்தார். அஃது அவர் மேடையில் பாடிப் பழகிய கதையே. அடிகள் இல்லையேல் பேசும் படம் வந்திருக்காதா? வந்திருக்கும். அறிவியல் எவர்க்காகவும் காத்திராது. ஆயின் எந்த மொழியில், எந்த நாவால் பேசியிருக்கும் என்பதுதான் கேள்வி. பன்மொழித் தடுமாற்றம் ஓராண்டில் தீர்ந்திருக்குமா, இருபது ஆண்டுகள் இழுத்திருக்குமா என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, செவி. அக் காலத்து இசையரங்குகளில் தமிழுக்கு இருந்த இடம் எத்தகையது என்பதைத் தமிழிசை இயக்கத்தின் வரலாறு சொல்லும். தமிழ்ப் பாட்டுக்கு அரங்கில் இடம் வேண்டும் என்று 1940-களில் ஓர் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. அண்ணாமலை அரசர் முன்னின்றார். தமிழிசைச் சங்கம் 1943-இல் எழுந்தது. தமிழ்ப்பாட்டு இசைக்கு ஒவ்வாது என்று அரங்கத்தார் சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், நாடகக் கொட்டகையில் ஆயிரக்கணக்கான மக்கள் விடிய விடியத் தமிழ்ப்பாட்டையே கேட்டுக் கிறங்கிக் கிடந்தனர். இலக்கியம் படியாத ஏழை வெண்பாவின் ஓசையைச் செவியால் அறிந்தான். கோவலன் நாடகம் மதுரையில் நடந்தபோது, அந்நகர் மக்களைச் சுட்டும் ஒரு பாட்டில் ‘மாபாவியோர்’ என்னும் சொல் வர, அவையினர் கொதித்தெழுந்தனராம். அடிகள் எழுந்து, ‘மா’ என்பது திருமகள், ‘பா’ என்பது கலைமகள், ‘வி’ என்பது மலைமகள் என்று பிரித்துப் பொருள் சொல்ல, சினந்த அவை கைதட்டி மகிழ்ந்ததாம். ஒரு சொல்லுக்குச் சினக்கவும், அதே சொல்லின் பொருளுக்கு மகிழவும் தெரிந்த அவை அது! அத்தகைய அவையை எந்தக் கல்லூரியும் உருவாக்கவில்லை. நாடகக் கொட்டகை உருவாக்கியது.

நான்காவது, விடுதலை உணர்வு. விசுவநாததாசு என்னும் நடிகர் முருகன் வேடத்தில் நின்று வெள்ளையரை எதிர்த்துப் பாடினார். காவலர் பிடித்துச் சென்றனர், சிறை மீண்டார், மீண்டும் பாடினார். 1940-ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னை மேடையிலேயே, முருகன் கோலத்திலேயே, பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் நீத்தார். ‘வள்ளி திருமண’த்தில் விடுதலைப் பாட்டுக்கு இடமேது? அடிகளின் நாடக அமைப்பு அத்தகையது. நாரதரும் வேலனும் வள்ளியும் எதிர்வாதம் புரியும் இடங்களில் நடிகன் தன் காலத்தைப் புகுத்திக்கொள்ளலாம். கட்டு உறுதியானது, கட்டினுள் வெளியும் உண்டு. அதனால்தான் அந் நாடகம் நூறாண்டு கடந்தும் உயிரோடிருக்கிறது.

இத்துணையும் சொல்லிவிட்டு, சொல்லாமல் விடக் கூடாதன இரண்டு உள.

ஒன்று, அவர் மொழி. தனித்தமிழ் அன்பர் அவர் நாடகத்தை எடுத்துப் படித்தால் முகஞ்சுளிக்கும் இடங்கள் பல உண்டு. வடசொற்கள் மலிந்து கிடக்கின்றன. அவர் நிறுவிய குழுக்களின் பெயர்களே அதற்குச் சான்று. பரிதிமாற்கலைஞர் தம் பெயரையே தமிழாக்கிக் கொண்ட அதே காலத்தில் இவர் அப் பக்கம் திரும்பவில்லை. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆயின் ஒன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். தூய தமிழ் பின்னாளில் மேடையேறியபோது, அதனைக் கேட்கக் கூட்டம் இருந்தது. பேச நா இருந்தது. நிற்க மேடை இருந்தது. அக் கூட்டத்தையும் நாவையும் மேடையையும் அமைத்தார் யார்? களை மண்டிய நிலமாயினும், உழுது வைத்தவன் ஒருவன் உண்டல்லவா? களையெடுப்பது பின்வந்தார் கடமை. உழாத நிலத்தில் களையெடுக்கவும் இயலாது.

மற்றொன்று, சிறுவர்கள். ஆறு அகவையில் தாயைப் பிரிந்து, ஊர் ஊராய் அலைந்து, இரவெல்லாம் விழித்து நடித்து, பகலில் பாடம் ஒப்பித்து வளர்ந்தவர்கள் அவர்கள். அடி வாங்காத நாள் அரிது. குரல் உடைந்தவுடன் மதிப்பிழந்து வெளியேறியோர் எத்தனையோ பேர். புகழ் பெற்றோர் பெயர் நூல்களில் உள்ளது. புகழ் பெறாமல் தேய்ந்துபோன சிறுவர் பெயர் எங்கும் இல்லை. அடிகளும் கடுஞ்சினத்தர் என்றே அவர் மாணாக்கர் சொல்கின்றனர். அவ்வாறே அன்பினர் என்றும் சொல்கின்றனர். தமிழ் மேடையின் பெருமை அப் பெயரறியாச் சிறுவர் தோள்மேலும் நிற்கிறது என்பதை மறத்தல் நன்றியன்று.

பெருமக்களே! அவரைக் கற்பனையில் நீக்கிப் பார்த்தோம், கண்டது இதுவே. கதைகள் எஞ்சும். திரைப்படம் எஞ்சும். பொழுதுபோக்கும் எஞ்சும். சரிந்து போவது ஒன்று: கற்றார்க்கும் கல்லார்க்கும் நடுவே தமிழ் நடந்து சென்ற பாலம். ஒருபுறம் ‘மனோன்மணீயம்’ நூலகத்தில் இருந்திருக்கும். மறுபுறம் வேற்று மெட்டும் வேற்று மொழியும் கொட்டகையை ஆண்டிருக்கும். நடுவே ஒன்றுமிராது.

இனி, கற்பனையைவிடக் கொடிய உண்மை ஒன்று உண்டு. அடிகளைக் கற்பனையில் நீக்குவதற்கு அவை வேண்டும், பொழிவு வேண்டும். மெய்யாகவே அவரை நீக்குவதற்கு ஒன்றும் வேண்டா. வாளா இருந்தாலே போதும். அறுபத்தெட்டு என்று சொல்லப்படும் நாடகங்களுள் இன்று கைக்குக் கிடைப்பவை ஒரு பகுதியே. அற்றை நாடகக் குழுக்கள் கையெழுத்துப் படியைப் புதையல்போல் பூட்டி வைத்தன; பிற குழு களவாடிவிடும் என்று அஞ்சின. குழு கலைந்தது, பெட்டி கரையான் வாய்ப்பட்டது. எழுத்தில் அழிந்தவற்றுள் சில, முதிய நடிகர் வாயில் இன்னும் இருக்கலாம். அவர் நெஞ்சோடு அவையும் போய்விடும்.

ஆகவே இவ்வவைக்கு வந்தார் ஒவ்வொருவர்க்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் ஊரில், உங்கள் வட்டத்தில், இசைநாடகம் ஆடிய முதியவர் ஒருவரேனும் இருப்பார். அரச வேடம் பூண்டவரோ, ஆர்மோனியம் இசைத்தவரோ, திரைச்சீலை இழுத்தவரோ, எவரேனும் இருப்பார். அவர் திண்ணையில் சென்று அமருங்கள். அவருக்குத் தெரிந்த பாடத்தைச் சொல்லச் சொல்லுங்கள். இன்று கையிலிருக்கும் கைப்பேசியே ஒலிப்பதிவு செய்யும், செலவும் இல்லை. பதிந்ததை எழுத்தாக்குங்கள். பழைய பெட்டியில் படி ஏதும் இருப்பின் படமெடுத்து வையுங்கள். திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் ஊர்களில், நடிகர்க்கு உரிய கூலியைக் குறைக்காது கொடுக்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரி மண்ணில் அடங்கிய அந் நாவுக்கு உறவினர் இலர். தமிழர்தாம் உறவினர். அவர் பிறந்தார், அது தமிழின் நற்பேறு. அவர் பிறந்ததைப் பிறவாததுபோல் ஆக்கிவிடாமல் காப்பது தமிழர் கடமை.

வாழ்க நாடகத் தமிழ்! வெல்க தமிழ்!